முனை மழுங்கிய பெஞ்சுகள்: ஒரு மனநல மருத்துவமனைக் கோயில் உருவான கதை

தேவாலயப் பெஞ்சு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முழங்காலில் இடிக்கும் பலகையும், எழுந்து வெளியே வரும்போது இடுப்பில் குத்தும் மூலையும்தான். வியன்னா நகரின் மேற்கு ஓரத்தில், பௌம்கார்ட்னர் குன்றின் உச்சியில் நிற்கும் புனித லியோபோல்ட் தேவாலயத்தின் பெஞ்சுகளில் அந்தக் கூர்மூலைகள் இல்லை. ஓரங்களையெல்லாம் மழுக்கி உருட்டியிருக்கிறார்கள். இதில் உட்காரப் போகிறவருக்குத் திடீரென்று வலிப்பு வரலாம், அவர் தலையை மோதிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடலாம் என்று கட்டடக் கலைஞர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கலைஞர் ஓட்டோ வாக்னர். கோயில் கட்டப்பட்டது 1904 முதல் 1907 வரை. இது ஸ்டைன்ஹோஃப் என்று அழைக்கப்பட்ட மாபெரும் மனநல மருத்துவமனையின் கோயில். சுமார் அறுபது கட்டடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள்; திறக்கப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சரிவான நிலத்தில் ஆண்களின் விடுதிகள் ஒரு பக்கம், பெண்களின் விடுதிகள் மறுபக்கம். நடுவே ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் மேல் நிர்வாகக் கட்டடம், நாடக அரங்கு, சமையற்கூடம். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், பொன்பூசிய குவிமாடத்தோடு கோயில். நகரத்து மக்கள் தூரத்திலிருந்து அந்த மஞ்சள் மினுமினுப்பைப் பார்த்து 'எலுமிச்சைக் குன்று' என்று பெயர் வைத்தார்கள். கேலியும் வாஞ்சையும் கலந்த பெயர்.

வாக்னர் அப்போது அறுபதைத் தாண்டியவர். வியன்னாவின் நகர ரயில் நிலையங்களை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். இதே ஆண்டுகளில்தான் நகரின் நடுவே தபால் சேமிப்பு வங்கியையும் கட்டிக்கொண்டிருந்தார். உபயோகத்துக்கு ஒவ்வாதது எதுவும் அழகாக இருக்க முடியாது என்று 1896-இலேயே தம் நூலில் எழுதிவிட்டவர். ஒரு கொள்கையை எழுதுவது எளிது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அரிது. இரண்டாயிரம் மனநோயாளிகளை விடக் கடினமான, நேர்மையான சோதனை எந்தக் கட்டடக் கலைஞருக்கும் வாய்த்திருக்காது.

மனநல மருத்துவமனைக்குள் வழிபாட்டு இடம் எதற்கு என்ற கேள்வி வாக்னருக்கு முன்பே பல விதமாக எழுந்து, பல விதமாகப் பதில் சொல்லப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த வில்லியம் டியூக் முன்னின்று அமைத்த 'ரிட்ரீட்' இல்லம் 1796-இல் திறக்கப்பட்டது. சங்கிலியையும் அடியையும் விட்டு, நோயாளியை மனிதராக நடத்துவதே மருந்து என்று நம்பிய இடம் அது. அங்கே தனிக் கோயில் கட்டவில்லை. அமைதியாக இருந்தவர்களை நகரிலுள்ள தங்கள் சபைக் கூட்டத்துக்கே அழைத்துப் போனார்கள். லண்டனின் பெத்லெம் மருத்துவமனை நேர்மாறான வழியில் போனது. 1815-இல் அது புதிய கட்டடத்துக்கு மாறியது. 1840-களில் அதன் நடுவே உயரமான குவிமாடத்தை எழுப்பி, அதற்கு அடியில் நோயாளிகளின் வழிபாட்டு அறையை வைத்தார்கள். அந்த மருத்துவமனை 1930-இல் இடம் பெயர்ந்துவிட்டது. குவிமாடம் இன்றும் நிற்கிறது; அதன் கீழே இப்போது இருப்பது போர் அருங்காட்சியகம். பைத்தியக்கார விடுதி இருந்த இடத்தில் போர்க் காட்சிகளை வைத்தது தற்செயலா, யாருடைய குறும்பா என்று நான் யோசித்ததுண்டு.

ஆக, ஒரு வழி நோயாளியை ஊர்க் கோயிலுக்கு அழைத்துப் போவது. இன்னொரு வழி மதிலுக்குள்ளேயே கோயில் கட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய விடுதிகள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே எடுத்தன. மதிலுக்குள் வயல், சமையல், துணி வெளுப்பு, கல்லறை எல்லாம் இருந்தபோது கோயில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? ஆனால் அந்தக் கோயில்களில் பல, சாதாரண ஊர்க் கோயிலின் நகல்களாகவே இருந்தன. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல் என்று பிரித்ததோடு மருத்துவமனை என்ற நினைப்பு முடிந்துவிடும். மற்றபடி அதே கோபுரம், அதே இருட்டு, அதே எதிரொலி.

வாக்னர் அந்த இடத்தில்தான் வேறு திசையில் திரும்பினார். ஸ்டைன்ஹோஃபிலும் ஆண், பெண் வாசல்கள் தனித்தனிதான். அந்தக் கால விதி அது. அதற்கு மேல் அவர் வரைந்த ஒவ்வொன்றிலும், உள்ளே வரப்போகும் உடம்பு எப்படிப்பட்டது என்ற கணக்கு இருக்கிறது.

தீர்த்தத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் கல்தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே தண்ணீரில் விரல் வைப்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக வாழும் விடுதியில், காசநோயும் தோல்நோயும் மலிந்திருந்த காலத்தில், இது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. வாக்னர் தேங்கிய நீரை எடுத்துவிட்டு ஓடும் நீரை வைத்தார். மேலிருந்து நீர் சொட்டும். கையை அதன் கீழே காட்டினால் போதும். சடங்கு அப்படியே இருக்கிறது, தொற்று மட்டும் போய்விடுகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது உலகமெங்கும் கோயில்களில் தீர்த்தத் தொட்டிகளை வற்றவைத்தார்கள். தொடாமலே சொட்டும் கருவிகளைப் பல இடங்களில் பொருத்தினார்கள். மனநோயாளிகளுக்கென்று நூறாண்டுக்கு முன் யோசித்தது, 'நல்ல சுகத்தோடு' இருந்த மற்ற எல்லோருக்கும் அப்போதுதான் தேவைப்பட்டது.

தரை சமதளமாக இல்லை. பீடத்தை நோக்கி மெல்லச் சரிகிறது, சினிமா கொட்டகையின் தரையைப் போல. பின்வரிசையில் இருப்பவருக்கும் முன்னால் நடப்பது தெரியும். எட்டிப் பார்க்க எழ வேண்டியதில்லை, முன்னே இருப்பவரின் தோளைத் தள்ள வேண்டியதில்லை. பதற்றத்துக்கான ஒரு சிறு காரணம் குறைகிறது. அதோடு, தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் சுலபம். இந்த இரண்டாவது பயனைச் சொல்லும்போது கலை விமர்சகர்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். வாக்னருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அவர் இந்தக் கோயிலுக்குள் கழிப்பறையும் வைத்தார். ஐரோப்பாவின் பெருமைமிக்க கோயில்களில் இதைத் தேடிப் பாருங்கள், அருமை புரியும்.

பாவசங்கீர்த்தனக் கூண்டு இன்னும் நுட்பமான சிக்கல். வழக்கமான கூண்டு இருட்டானது, திரையிட்டது, மூடியது. குருவும் பாவம் சொல்ல வந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிசுகிசுப்பது அதன் முறை. நோயாளி தனக்கோ குருவுக்கோ தீங்கு செய்துவிடக்கூடிய இடத்தில் இந்த மறைவு சரிவராது. எனவே இங்கே கூண்டுகள் வழக்கத்தை விடத் திறந்தவையாகச் செய்யப்பட்டன. காதுக்கு எட்டாது, கண்ணுக்குத் தெரியும். ஒரு சடங்கில் எது விட்டுக்கொடுக்க முடியாதது, எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் இப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது. அந்தப் பிரிப்பைச் செய்தவர் இறையியல் அறிஞர் இல்லை, ஒரு கட்டடக்காரர்.

பீடம் இருக்கும் பகுதி நோயாளிகள் அமரும் பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. குருவானவர் தனி வழியாக வருவார், போவார். பக்கச் சுவர்களில் அவசர வாசல்கள் உண்டு. பூசை நடுவில் யாருக்காவது நிலை தவறினால் கூட்டத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போகாமல் உடனே வெளியே கொண்டுபோக அவை. இந்த வாசல்களைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

ஒளி விஷயத்தில்தான் வாக்னர் மரபைத் துணிந்து மீறினார். பீடம் கிழக்கே இருக்க வேண்டும் என்பது கோயில் கட்டும் பழைய வழக்கம். அவர் பீடத்தை வடக்கே வைத்தார், வாசலைத் தெற்கே வைத்தார். குன்றின் சரிவும் அதற்கு ஒத்துழைத்தது: தெற்கு முகப்பு கீழே உள்ள விடுதிகளையும் நகரத்தையும் நோக்கும். இதனால் கிழக்கிலும் மேற்கிலும் பெரிய சாளரங்கள் வைக்க முடிந்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் கூடத்துக்குள் நேராக விழும். உள்சுவர்கள் வெள்ளை, ஆங்காங்கே பொன். நிழல் மூலைகள் மிகக் குறைவு. பழைய கோயில்களின் மங்கல் வெளிச்சம் பக்தியை வளர்க்கும் என்பார்கள். இருட்டு மூலையில் யாரோ நிற்பதாக ஏற்கெனவே நம்புகிறவருக்கு அது எதை வளர்க்கும்?

அந்தச் சாளரங்களின் வண்ணக் கண்ணாடிகளை வடிவமைத்தவர் கோலோமன் மோசர். அவற்றில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் கிறிஸ்தவ மரபு சொல்லும் இரக்கச் செயல்களில் ஒன்றுக்கு அடையாளம். பசித்தவருக்கு உணவு, உடையற்றவருக்கு உடை, நோயுற்றவரைச் சந்திப்பது, துயருற்றவரைத் தேற்றுவது முதலியவை. இரத்தம் சொட்டும் வேதசாட்சிகளும் நரகத்தின் தீயும் சுவரை நிறைக்கும் கோயில்கள் எத்தனையோ இருக்க, ஒரு மனநல மருத்துவமனைக்கு இந்தக் கருப்பொருளைத் தேர்ந்தெடுத்தது சும்மா நடந்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை. தண்டனை பற்றிய பேச்சு ஏற்கெனவே தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பவர்கள் பார்க்கப்போகும் படம் அது.

பீடத்துக்குப் பின்னுள்ள பெரிய மொசைக்கையும், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் படத்தையும், மோசரே செய்வதாக இருந்தது. இடையில் அவர் புராட்டஸ்டன்டு குடும்பத்துப் பெண்ணை மணந்து, தாமும் அந்தச் சபைக்கு மாறினார். அந்தப் பணி அவர் கையை விட்டுப் போனது. கோயில் திறந்து சில ஆண்டுகள் கழித்து, ரெமிகியஸ் கைலிங்கின் வடிவத்தை வைத்து லியோபோல்ட் ஃபோர்ஸ்ட்னர் அந்த மொசைக்கைப் பதித்தார். நோயாளிகளுக்கு என்ன தேவை என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த இடத்திலேயே, கலைஞரின் திருமணம் இவ்வளவு பெரிய விவகாரம் ஆகியிருக்கிறது.

குவிமாடத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உயர்ந்து நிற்கும். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் அந்த உயரம் இல்லை. வெளிக் குவிமாடத்துக்கு வெகு கீழே, இன்னொரு கூரையைத் தொங்கவிட்டிருக்கிறார். வெளியே உள்ளது நகரத்துக்கு. உள்ளே உள்ளது காதுக்கு. ஆழமான குவிமாடத்துக்குள் பேசும் சொல் மேலே போய்ச் சுழன்று, அடுத்த சொல் வந்த பிறகு திரும்பி வரும், பிரசங்கம் குழம்பும். வாக்னர் இதை ஒலியியல் சிக்கலாகவே பார்த்தார். இன்று இதைப் படிக்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும் ஒருவரை, ஒரு குரலைப் பத்துக் குரலாக்கும் கூடத்தில் உட்காரவைப்பது கொடுமை. காரணம் எதுவாக இருந்தாலும், தாழ்த்திய அந்தக் கூரை சரியான முடிவு.

1907 அக்டோபர் 8 அன்று பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் வந்து கோயிலைத் திறந்துவைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்துச் சரயேவோவில் சுடப்பட்டு முதல் உலகப்போருக்குக் காரணமான அதே இளவரசர். அவருக்குப் புதுப்பாணி பிடிக்காது. மரியா தெரேசா அரசியின் காலத்துப் பாணியே எல்லாவற்றிலும் அழகானது என்று அவர் சொன்னதாகவும், அந்தக் காலத்தில் பீரங்கிகளுக்குக்கூடப் பூவேலை செய்தார்கள், இன்று வழவழப்பாக விட்டுவிடுகிறோம் என்று வாக்னர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. ராணுவத்தில் ஊறிய இளவரசருக்குப் பீரங்கி உவமையே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பலன் நல்லதாக இல்லை. அந்நாளைய முக்கிய நாளிதழ் ஒன்று, நியாயமான நவீனப் பாணியில் வியன்னா கட்டிய முதல் பெரிய கட்டடம் பைத்தியக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது விதியின் அழகான வேடிக்கை இல்லையா என்று எழுதியது. நகைச்சுவையாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. செல்வாக்குள்ளவர்களின் கோயில் என்றால் வாக்னரை இவ்வளவு தூரம் விட்டிருப்பார்களா?

இதுவரை சொன்னதைப் படித்தால் வாக்னர் ஒரு கருணைக்கடல் என்று தோன்றும். அப்படி முடிவுக்கு வர எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மழுங்கிய முனை, திறந்த கூண்டு, தனி வாசல், பிரித்த பீடம் என்று இந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். சிறைச்சாலை அமைப்பவரும் இதே பட்டியலைத்தான் எழுதுவார். நோயாளியைக் காப்பதும் நோயாளியிடமிருந்து மற்றவரைக் காப்பதும் வரைபடத்தில் ஒரே கோடாக விழுகின்றன. எந்தக் கோடு பரிவு, எந்தக் கோடு பயம் என்று கட்டடத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டடத்தை நடத்துகிறவர்கள் யார் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

நோயாளிகளுக்காகக் கோயில் கட்டும் கதைக்கு நேரெதிரான கதை ஒன்றும் உண்டு: கோயிலே நோயாளிகளின் இருப்பிடமாவது. பெல்ஜியத்தின் கேல் நகரில் புனித டிம்ஃப்னாவின் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்துவருவது இடைக்காலத்திலிருந்தே வழக்கம். கோயிலை ஒட்டி ஒரு நோயாளர் அறை கட்டினார்கள்; அங்கே தங்கி ஒன்பது நாள் வேண்டுதல் நடக்கும். இடம் போதாமல் போக, ஊர் மக்கள் நோயாளிகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பப் பராமரிப்பு முறை இன்றுவரை அங்கே உயிரோடு இருக்கிறது.

நமக்கு இது புதிய செய்தி இல்லை. திருச்சிக்கு அருகே குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்குவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தமிழகத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் மனநல மருத்துவர்கள் கவனித்து எழுதிய ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அங்கே மந்திரமோ பேயோட்டமோ இல்லை. கோயிலைப் பெருக்குவது, செடிக்கு நீர் ஊற்றுவது, காலையில் ஒரு சிறு பூசை, கூடவே ஒரு குடும்பத்தார். சில வாரங்களில் அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு. இதை வைத்து மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அச்சுறுத்தாத, ஆதரவான ஓர் இடத்துக்கே ஏதோ பங்கு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொன்னதைக் கட்டடம் வரைகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஏர்வாடியை மறக்க முடியுமா? தர்காவை நம்பி வந்தவர்களைச் சுற்றிலும் முளைத்த தனியார் விடுதிகள் காசு வாங்கிக்கொண்டு கட்டிவைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை ஒரு கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். கூரை ஓலை, ஆள் சங்கிலியில், இரவில் விளக்கு. அங்கே கட்டட வடிவமைப்பு என்று எதுவுமே இல்லை என்பதுதான் வடிவமைப்பு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டம், மனநல நிலையங்களில் இருப்பவர்களுக்கு ஓய்வு, பொழுதுபோக்கு, கல்வி ஆகியவற்றோடு சமய வழிபாட்டுக்கும் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்கிறது. வழிபாட்டு அறை என்பது நிர்வாகம் மனமிரங்கித் தரும் சலுகை என்ற நிலை நம் நாட்டில் சட்டப்படி முடிந்துவிட்டது. இனி அதை எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ஸ்டைன்ஹோஃபுக்குத் திரும்புவோம். 1938-இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. 1940, 1941 ஆண்டுகளில் இந்த மருத்துவமனையிலிருந்து சுமார் 3,200 நோயாளிகளைப் பேருந்துகளிலும் ரயில்களிலும் ஏற்றிக்கொண்டுபோய், பெரும்பாலானவர்களை லின்ஸ் நகருக்கு அருகே ஹார்ட்ஹைம் மாளிகையில் நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது நாஜி அரசு. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஷ்பீகல்குருண்ட் என்ற பெயரில் குழந்தைகளுக்கான பிரிவு ஒன்று 1940 முதல் 1945 வரை இயங்கியது. அங்கே 789 குழந்தைகள் இறந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. அளவு மீறிக் கொடுத்த தூக்க மருந்து, பட்டினி, குளிர். அங்கே வேலை பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹைன்ரிஹ் குரோஸ், போருக்குப் பிறகும் அந்தக் குழந்தைகளின் மூளைகளை வைத்து ஆராய்ச்சி செய்து, நீதிமன்றங்களில் மனநல நிபுணராகச் சாட்சி சொல்லி, மதிப்போடு வாழ்ந்தார். 2000-இல் அவர்மீது தொடங்கிய வழக்கு அவருடைய மறதிநோயைக் காரணம் காட்டி நின்றுபோனது. குழந்தைகளின் எஞ்சிய உடற்பகுதிகள் 2002-இல்தான் வியன்னா மையக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. இப்போது நாடக அரங்கின் முன்னால் அந்தக் குழந்தைகளின் நினைவாக 772 ஒளித்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கோயில் நிற்கும் அதே நடுக்கோட்டில், அதற்குக் கீழே.

அந்த ஆண்டுகளிலும் பெஞ்சுகளின் முனை மழுங்கியே இருந்தது. தீர்த்தம் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

இன்று ஒரு மனநல மருத்துவமனைக்கு வழிபாட்டு அறை வரைகிறவர்கள் வாக்னரின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள், பெயர் தெரியாவிட்டாலும். முதலில் தற்கொலைத் தடுப்பு: கயிறோ துணியோ மாட்டி உடம்பின் பாரத்தைத் தாங்கக்கூடிய எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக்கூடாது. கதவுப்பிடி, திரைக்கம்பி, விளக்குத் தொங்கல் எல்லாம் இதில் அடக்கம். கோயிலில் இன்னும் ஒன்று சேர்ந்துகொள்கிறது, சிலுவையின் கை. அதைச் சுவரில் பதித்தோ புடைப்பாகவோ செய்கிறார்கள். எரியும் மெழுகுவத்திக்குப் பதில் மின்விளக்கு. உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடி. நாற்காலி ஒன்று, தூக்கி எறிய முடியாத கனமாக இருக்க வேண்டும். இல்லையேல் எறிந்தாலும் காயப்படுத்தாத லேசாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து.

இது எளிய பாதி. கடினமான பாதி, மதமே நோயின் மொழியாக மாறும்போது வருகிறது. தான் கடவுளின் தூதர் என்றோ, சாத்தான் தன்னைத் துரத்துகிறான் என்றோ உறுதியாக நம்பி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் குறைவில்லை. அவர்களுக்கு வழிபாட்டு அறை தைலமா, தீயில் எண்ணெயா? இதற்கு ஒரே விடை கிடையாது. ஒருவருக்கு ஜெபம்தான் நாளைப் பிடித்து நிறுத்தும் ஆணி. இன்னொருவருக்கு அதே ஜெபம் இரவெல்லாம் தூங்கவிடாத கட்டளை. எனவே பலர், உற்றுப் பார்க்கும் விழிகளுள்ள பெரிய படங்களைத் தவிர்க்கிறார்கள். ஒரே அறையைப் பல மதத்தவரும் பயன்படுத்தும்போது அடையாளங்களை அலமாரியில் வைத்து, தேவைப்படும்போது எடுத்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. பாதுகாப்பானதுதான். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக்கும் ஆர்வத்தில் வெளிர்நீலச் சுவரும் ஒரு தொட்டிச் செடியுமாக முடிந்துபோகும் அறைகளைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. அவை காத்திருப்பு அறைகளைப் போலவே இருக்கின்றன. மருத்துவமனையில் காத்திருப்பதற்குத்தான் ஏற்கெனவே எத்தனையோ இடம் இருக்கிறதே. வாக்னரின் பொன்பூச்சு ஆடம்பரம் என்று தோன்றலாம். வார்டிலிருந்து குன்றேறி வந்தவருக்கு, தான் இன்னொரு வார்டுக்குள் நுழையவில்லை என்று அந்த வாசலிலேயே தெரிந்திருக்கும்.

வாக்னரின் பட்டியலில் இல்லாத ஒன்று இன்று சேர்ந்திருக்கிறது: உள்ளே வரப்போகிறவர்களிடமே கேட்பது. நோயாளிகளின் உடம்பை அவ்வளவு கூர்ந்து கணக்கிட்ட கட்டடம், அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டுக் கட்டப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் கேட்கும் எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க நான் துணியவில்லை. நெரிசலில் உட்கார முடியாதவர், அடைத்த இடத்தில் மூச்சுத் திணறுகிறவர், கட்டிவைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர் ஆகியோரை மனதில் வைத்தால் மட்டும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. முதலில் அவர்கள் தேடுவது பீடத்தை இல்லை, வாசலை. அதனால்தான் இப்போது நல்ல வரைபடங்களில் வாசல் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே, கூட்டத்தோடு சேராமல், ஒருவர் மட்டும் உட்கார ஓர் இருக்கை போடுகிறார்கள்.

ஸ்டைன்ஹோஃபின் பக்கச் சுவர்களிலும் வாசல்கள் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அவை நிலை தவறியவரை ஊழியர்கள் வெளியே கொண்டுபோவதற்காக வைத்தவை. பாட்டின் நடுவே தானாக எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய், கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே வர நினைத்த ஒருவருக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா என்று வரைபடம் சொல்வதில்லை.